பெண் ஒன்று, வெள்ளி நிறம்

எங்கள் பக்கத்தில் கோடு என்றால் சிலேட்டில் கீறுகிற கோடு மட்டுமல்ல. நீதிமன்றத்துக்கும் அதுதான் பெயர். காணிச் சண்டையோ வலை வெட்டின சண்டையோ, முற்றிப்போனால் "கோட்டிலை சந்திப்பம்" என்பார்கள். கோடு, கச்சேரி என்று அரச வாசல்களெல்லாம் ஏறி இறங்கினவன் என்று ஒருவனைச் சொன்னால், அவன் தேய்ந்த செருப்பைப் பார்த்தே ஊர் நம்பிவிடும்.

அந்தச் சின்னச் சொல்லால் ஒரு மனிசன் ஒன்பது மாதம் அலைந்த கதை இது. சிரிக்க இடம் வரும், சிரியுங்கள். எழுதும்போது நான் சிரித்தேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

மனிசனுடைய பெயர் யாகப்பு. முல்லைத்தீவு கள்ளப்பாட்டில் கடற்றொழில். வயது அறுபத்திரண்டு. மனைவி ஜோசப்பின். ஒரே பிள்ளை ஜெயரூபினி, வீட்டில் ரூபி. இரண்டாயிரத்து ஒன்பதில், பன்னிரண்டு வயதில், ஷெல் பட்டுச் செத்துப்போனாள். தகப்பன் தன் கையாலேயே குழி தோண்டித் தாட்டார். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் எவரிடமும் கதைத்ததில்லை, ஆகவே நானும் எழுதவில்லை.

பிரான்சில் இருக்கும் ஜோசப்பினின் தங்கை ராஜினியிடம் இருந்து வந்த ரூபியின் படம் ஒன்று வீட்டுச் சுவரில் தொங்குகிறது. முகத்துக்குக் குறைவில்லை. குறைவு குரலுக்குத்தான். "முகம் சுவரிலை கிடக்குது. குரலை எங்கையப்பா போய்த் தேடுறது? எனக்கு மறந்துகொண்டு வருகுது" என்று ஜோசப்பின் ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டு மீனை வெட்டப் போய்விட்டாள்.

இருவருக்கும் இடையில் ஒரு பழைய வழக்கும் இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் ரூபி முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்த அன்று, கோயில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று ஒரு மன்றாட்டு வாசித்தாள். "எங்கள் கடற்றொழிலாளர்களின் பாதுகாப்புக்காக மன்றாடுகிறோம்." ஒரே வரி. அதில் ஒரு சொல்லில் தடக்குப்பட்டு, ஒலிவாங்கியிலேயே சிரித்துவிட்டாள். கோயிலே சிரித்தது. எந்தச் சொல்லில் தடக்குப்பட்டாள் என்பதுதான் வழக்கு.

"கடற்றொழிலாளரிலை. அந்த ற்றன்னா அவளின்ரை வாயிலை நுழையேல்லை. என்னைப் பாத்துத்தான் சிரிச்சவள்" என்பார் யாகப்பு.

"அதை வடிவாய் வாசிச்சவள். பாதுகாப்பிலைதான் தடக்குப்பட்டவள்" என்பாள் ஜோசப்பின்.

பதினெட்டு வருடமாகத் தீராத வழக்கு.

அந்தக் கோயில் நாளின் வீடியோவை அப்போதே ராஜினிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே கசெட் பூஞ்சணம் பிடித்தது. அதை ஏற்றி வைத்திருந்த கம்பியூட்டரும் செத்தது. போன வருடம் வீடு மாறும்போது ராஜினியின் மேசை லாச்சிக்குள் இருந்து வெள்ளி நிறத்தில் ஒரு பென் கிடைத்தது. பென் டிரைவ் என்று முழுப்பெயர் சொல்ல எங்கள் ஆட்களுக்கு நேரமில்லை. கோயில் திருநாளுக்கு வந்த ஒருவரின் கையில் அதைக் கொடுத்துவிட்டாள். உலகத்தில் அந்த வீடியோ இருந்த ஒரே இடம் அந்தப் பென்தான்.

யாகப்பு அதைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையைக் கையால் பொத்திக்கொண்டு, முல்லைத்தீவுப் பட்டினத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் குகதாசனிடம் போனார். குகதாசன் காதை மூடி ஹெட்போன் போட்டபடி யாரோ ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தான். பென்னைச் செருகினான். திரையில் சிவப்புப் பட்டை ஒன்று விழுந்தது.

"படம் உள்ளுக்கு இருக்குது ஐயா. கோடெக் இல்லாததாலை காட்டுதில்லை. கோடெக் எடுத்தால் திறக்கும்."

"கோட்டுக்கோ?"

"ஓம், கோடெக்தான்."

"கோட்டிலை எடுக்கிறதெண்டால் கனநாள் செல்லுமே தம்பி?"

ஹெட்போனுக்குள் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. "அது இல்லாமல் ஒண்டும் நடக்காது ஐயா. இப்ப டேட்டாவும் முடிஞ்சுது. எடுத்தாப் பிறகு வாங்கோ" என்று பென்னைக் கழற்றிக் கையில் கொடுத்தான்.

கோடெக் என்பது கோடும் இல்லை கச்சேரியும் இல்லை. வீடியோவைச் சுருக்கி முடிச்சுப் போட்டு வைப்பார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்த சின்ன மென்பொருள்தான் கோடெக். இணையத்தில் சும்மா கிடைக்கும். குகதாசன் சொன்னது, 'நான் எடுத்தாப் பிறகு வாங்கோ.' யாகப்பு கேட்டது, 'நீங்கள் கோட்டிலை எடுத்தாப் பிறகு வாங்கோ.' தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டுக் கதைக்கலாம் என்ற வசதி இருக்கிறதே, அதனால் வந்த வினை.

யாகப்பு கோட்டுக்குப் போனார். கறுத்தக் கோட்டுப் போட்ட ஒருவர் மூன்று நாள் கழித்து அவருடைய கதையைக் கேட்டார். "இது கோடு இல்லை ஐயா, கோடெக். கம்பியூட்டர் அலுவல். உதுக்கெண்டு கிளிநொச்சியிலை புதுசாய் ஒரு கந்தோர் திறந்திருக்கினம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையும் இல்லை.

கிளிநொச்சி பஸ் வட்டுவாகல் பாலம் தாண்டினதும் யாகப்பு எப்போதும் கண்ணை மூடிக்கொள்வார். புதுக்குடியிருப்பில் திறப்பார். ரூபி கிடப்பது அந்த இடைப்பட்ட மண்ணில். அன்றைக்குப் பென்னையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

அந்தக் கந்தோரின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. வாசிக்கமுடியாக் கோப்புகள் மீட்பு, மீளிணைப்பு மற்றும் நல்வாழ்வுப் பணியகம். வெளிநாட்டு உதவியில் கட்டின இரண்டு மாடி. ஒன்பது உத்தியோகத்தர், ஒரு வாகனம், ஒன்பதே முக்காலுக்கு ஒரு தேத்தண்ணி, மூன்று மணிக்கு இன்னொரு தேத்தண்ணி. திறந்து எட்டு மாதம். ஒருவரும் வாசிக்க முடியாத கோப்பைக் கொண்டுவரவில்லை. மற்றக் கந்தோர்களில் 'இது எங்கள் வேலையில்லை' என்று கலைப்பார்கள். இங்கே யாகப்புவைக் கண்டதும் ஒன்பது பேரும் கதிரையை விட்டு எழும்பினார்கள். அந்த மரியாதையைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

பணிப்பாளர் வீரபாகு இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தார். "ஐயா, எட்டு மாதமாக உங்களுக்காகத்தான் காத்திருந்தோம். ஒரு கோப்பு திறக்கவில்லை என்றால் அது கோப்பின் குற்றமல்ல. மனம் திறக்க அதற்கொரு சூழல் வேண்டும். அந்தச் சூழலுக்குத்தான் இந்தக் கட்டடம். குளிரூட்டி இன்னும் பூட்டவில்லை."

மூலையில் இருந்த எழுதுவினைஞர் மேனுகா மெல்லச் சொன்னாள். "சேர், இது ஸ்டூடியோவிலையே செய்யலாம். ரெண்டு நிமிச வேலை."

"மேனுகா, செய்யலாம் என்பது வேறு. செய்வதற்கு அதிகாரம் யாருக்கு என்பது வேறு. எல்லாரும் இரண்டு நிமிடத்தில் செய்துகொண்டால் நாங்கள் ஒன்பது பேர் என்னத்துக்கு?" என்றார் பணிப்பாளர். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை.

படிவம் எடுத்தார்கள். பணியகத்துக்கென்று படிவம் இன்னும் அச்சாகவில்லை. முந்தி எப்போதோ, யுத்தத்தில் காணாமல் போன ஆட்களைத் தேடவென்று வந்து போன ஏதோ ஒரு விசாரணைக் குழு விட்டுப்போன படிவங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அரச காகிதம் வீணாகக்கூடாது அல்லவா. மேனுகா பேனையைத் திறந்தாள்.

"காணாமல் போனவரின்ரை பேர்?"

"கோடெக்கு எண்டு சொன்னவை, பிள்ளை."

"வயது?"

"கோப்பின் வயதைப் போடுங்கள்" என்றார் பணிப்பாளர்.

"பதினெட்டு."

"கடைசியாய்க் கண்ட இடம்?"

"பிரான்ஸ். மச்சாளின்ரை கம்பியூட்டருக்குள்ளை."

"ஆரிட்டை ஒப்படைக்கப்பட்டவர்?" என்று வாசித்த மேனுகா நிறுத்திவிட்டாள். அந்தக் கேள்வி எந்த ஆட்களுக்காக அச்சடிக்கப்பட்டது என்று அவளுக்கும் தெரியும், யாகப்புவுக்கும் தெரியும். அந்த வரியை வெறுமையாக விட்டு அடுத்ததைக் கேட்டாள்.

"படத்திலை இருக்கிற பிள்ளை இப்ப எங்கை ஐயா?"

"செத்துப்போச்சுது."

"காணாமல் போனதோ?" என்று பணிப்பாளர் ஆவலோடு குனிந்தார்.

"இல்லை ஐயா. நான்தான் தாட்டனான். இடம் தெரியும்."

"அப்படியா. அப்படியென்றால் அவரை இந்தப் படிவத்தில் சேர்க்க முடியாது. நல்லது, ஒரு சிக்கல் குறைந்தது."

யாகப்பு தலையாட்டினார். தன்னால் ஒரு பெரிய மனிசருக்குச் சிக்கல் குறைந்ததே என்று நினைத்தாரோ என்னவோ.

பென்னை வாங்கியதற்குத் துண்டு கொடுக்கவேண்டும். பணியகத்தின் மொழிக் கொள்கைப்படி ஆங்கிலச் சொற்களைக் குறைக்கவேண்டும் என்பதால் 'பென் டிரைவ்' என்பதில் டிரைவ் வெட்டப்பட்டது. மிஞ்சிய 'பென்'னை, எழுத்துப் பிழை திருத்துவதற்கென்று இலட்சக்கணக்கில் வாங்கிய தமிழ் மென்பொருள் தானாகவே திருத்தியது. அச்சுப்பொறி துண்டைத் துப்பியது. யாகப்பு எழுத்துக் கூட்டி வாசித்தார்.

'பெண் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. நிறம்: வெள்ளி. நிலை: பேச்சில்லை. பணியகத்தின் பாதுகாப்பின்கீழ் உள்ளது.'

"பிள்ளை, இதிலை பெண் எண்டெல்லே விழுந்திருக்குது?"

மேனுகா நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தப் போனாள். பணிப்பாளர் கையை உயர்த்தினார். "பதிவேட்டிலும் ஏறிவிட்டது. வெட்டித் திருத்தினால் கணக்காய்வாளர் கேள்வி கேட்பார். எழுதினது எழுதினதுதான்."

வீட்டில் துண்டை ஜோசப்பின் வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். செபப்புத்தகத்துக்குள் வைத்து மூடினாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. கோடெக்கைத் தேடுவதற்கு முதல் அதற்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும், பெயரில்லாத ஒன்றை எப்படித் தேடுவது என்று முடிவாகி, வவுனியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் செயலமர்வு வைத்தார்கள். பாதிக்கப்பட்ட தரப்பு என்று யாகப்புவையும் கூப்பிட்டுப் பின் வரிசையில் இருத்தினார்கள். ஒருவர் 'குறிமாற்றி' என்றார். இன்னொருவர் அதில் வேர்ச்சொல் சரியில்லை என்றார். முடிச்சை அவிழ்ப்பது என்பதால் 'முடிச்சவிழ்க்கி'யே பொருத்தம் என்று மூன்றாமவர் எழும்பினார். முடிச்சவிழ்க்கி என்றால் ஊர்த்தமிழில் சட்டைப் பை வெட்டுகிற கள்ளன். மண்டபத்தில் சில பெரியவர்கள் அதைத் தங்களைக் குறித்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தார்கள். சாப்பாட்டு நேரம் திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் நாள் முழுவதும், கோடெக் காணாமல் 'போனாரா' 'போனதா' என்று திணைப் பிரச்சினை. படிவம் உயர்திணையில் இருப்பதால் 'போனார்' என்றே வைப்பதென்று தீர்ந்தது. கூட்டாகப் படம் எடுத்தார்கள். யாகப்புவுக்கு ஒரு கோப்புறையும் பேனையும் தேத்தண்ணியோடு தின்ன ஒரு பற்றிஸும் கிடைத்தன. பற்றிஸைக் கோப்புறைக்குள் வைத்து ஜோசப்பினுக்குக் கொண்டுபோனார்.

"வந்திட்டுதோ?" என்று அவள் வாசலிலேயே கேட்டாள்.

"பேர் வைச்சிருக்கினம்."

"ஆருக்கு?"

"கோடெக்குக்கு."

அவள் பற்றிஸைப் பிய்த்து அரைவாசியை அவருக்குக் கொடுத்தாள்.

நாலாம் மாதம் பணியகத்தின் வாகனம் கள்ளப்பாட்டுக்கு வந்தது. கோடெக்கை இழந்த குடும்பத்துக்கு வாழ்வாதார உதவியாக ஐந்து கோழிக்குஞ்சு. பின்னால் பதாகை பிடித்தார்கள், முன்னால் ஜோசப்பினைக் குஞ்சுப்பெட்டியோடு நிறுத்தினார்கள். "அம்மா, கொஞ்சம் சிரியுங்கோ, வெளிநாட்டுக்குப் போற படம்" என்றார்கள். கோழிக்குஞ்சு கொடுத்தால் எங்கள் சனத்துக்கு எந்தத் துயரமும் ஆறும் என்று யாரோ எங்கோ கண்டுபிடித்திருக்கிறார்கள். வீடு போனவனுக்கும் குஞ்சு, கால் போனவனுக்கும் குஞ்சு.

குஞ்சோடு உளநல உத்தியோகத்தர் நிருஷனும் வந்திருந்தான். நல்ல பெடியன், புதுச் சப்பாத்து. கதிரையை இழுத்துப்போட்டு ஜோசப்பினுக்கு முன்னால் இருந்து, படித்தது எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னான். "இழப்பை ஏற்றுக்கொள்ளப் பழகவேணும் அம்மா. அழ வந்தால் அழுங்கோ. அடக்கக்கூடாது."

"எந்த இழப்பைத் தம்பி?"

அவன் கையில் இருந்த தாளைப் பார்த்தான். காது சிவந்தது. "கோடெக்... அம்மா."

ஜோசப்பின் அன்றைக்குத்தான் சிரித்தாள். படம் எடுக்கிறவர் அதற்குள் கமெராவை மூடிவிட்டார்.

இரண்டு கிழமைக்குள் நாலு குஞ்சைக் கீரி கொண்டுபோனது. மிஞ்சின ஒன்று குடும்பத்தை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றது.

மார்கழி வந்தது. உதவி கொடுக்கிற வெளிநாட்டுக்காரர் வருட முடிவில் கணக்குக் கேட்க வருகிறார்கள் என்று கடிதம் வந்ததும் பணியகத்துக்குக் காய்ச்சல் பிடித்தது. மாவட்டத்தில் வாசிக்க முடியாத கோப்பு ஒன்று இருக்கிறது. அதை இல்லாமல் ஆக்கவேண்டும். அவசரக் கூட்டம் கூடி, எட்டு மாதத்தில் முதல் முறையாகப் பென்னைக் கணினியில் செருகினார்கள்.

பழைய பென், புதுக் கணினி. ஃபோர்மட் செய்யட்டுமா என்று கணினி கேட்டது. ஃபோர்மட் என்றால் உள்ளே இருப்பதெல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் பென்னாக்குவது. ஆனால் பணியகத்தின் கணினி தமிழில் அல்லவா கேட்கும், அதுவும் பணியகத்தின் சொற்தொகுதிப்படி. திரையில் வந்த கேள்வி இதுதான்: 'சீரமைக்கவா?'

எங்கள் மண்ணில் அந்தச் சொல்லுக்கு யார் எதிர்ப்புச் சொல்வார்கள்? வீதியைச் சீரமைத்தார்கள், குளத்தைச் சீரமைத்தார்கள், மனிசரையே சீரமைத்தார்கள். இவ்வளவு பெரிய சொல்லுக்கு 'ஓம்' என்று சொல்லாமல் இருந்தால் அது அபிவிருத்திக்கு விரோதம். பணிப்பாளர் பிரேரித்தார், கணக்காளர் வழிமொழிந்தார். ஏகமனதாக அழுத்தினார்கள். ஏகமனது என்று குறிப்பில் இருக்கிறது. மேனுகா வேண்டாம் என்று எழும்பி நின்றது குறிப்பில் இல்லை.

கையளிப்பு விழாவுக்குக் கதிரைகளுக்கெல்லாம் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். ஜோசப்பின் நீலச் சேலையில், யாகப்பு கோயிலுக்கு உடுத்துகிற வேட்டியில், முன் வரிசை. ஒன்பது மாதத்தில் ஜோசப்பின் முதல் முறை கிளிநொச்சிக்கு வந்திருந்தாள். பஸ் வட்டுவாகலைத் தாண்டும்போது அவள் கண்ணை மூடவில்லை. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பணிப்பாளர் விளக்கேற்றிவிட்டுப் பேசினார்.

"இன்று பெருமையோடு அறிவிக்கிறேன். இந்த மாவட்டத்தில் வாசிக்க முடியாத கோப்பு ஒன்றுகூட இல்லை. சிலர் கேட்கிறார்கள், உள்ளே என்ன இருந்தது என்று. உள்ளே என்ன இருந்தது என்பதைத் தோண்டிக்கொண்டிருந்தால் நாம் முன்னேற முடியாது. எங்கள் கடமை திறக்கச் செய்வது. இந்தப் பெண், மன்னிக்கவும், பென், இனி எந்தக் கணினியிலும் தடையின்றித் திறக்கும். வெறுமையாகக் கொடுப்பது எங்கள் பண்பாடல்ல என்பதால், பணியகத்தின் திறப்பு விழா உரையையும் அன்பளிப்பாக ஏற்றியிருக்கிறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். வெல்வெட் தட்டில் ரிப்பன் கட்டிய பென். யாகப்புவும் கைதட்டினார். பேச்சு அவருக்கு முழுதாக விளங்கவில்லை, 'திறக்கும்' என்ற சொல் மட்டும் விளங்கியது. ஜோசப்பின் பென்னை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கையால் ஒன்றையும் தொடவில்லை. பஸ்ஸில் கம்பியைக்கூட மற்றக் கையாலேயே பிடித்தாள்.

நேரே குகதாசனின் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அவன் கண்டதும் ஹெட்போனைக் கழற்றினான்.

"எங்கை ஐயா ஆளையே காணேல்லை? அடுத்தநாளே கோடெக்கை எடுத்துப்போட்டுப் பாத்துக்கொண்டிருந்தனான். ரெண்டு நிமிச வேலை."

யாகப்பு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் போய்க் கோட்டிலை எடுத்துக்கொண்டு வரவேணுமெண்டெல்லே அண்டைக்கு நீ சொன்னனி?"

"கோட்டிலையோ? ஐயோ, கோடெக் ஐயா. இந்தா, இதுக்குள்ளை கிடக்குது."

ஜோசப்பின் கையை விரித்துப் பென்னைக் கொடுத்தாள். உள்ளங்கையில் ரிப்பன் சாயம் ஒட்டியிருந்தது. குகதாசன் செருகினான். சிவப்புப் பட்டை விழவில்லை. உடனேயே திறந்தது. திரை முழுக்க வீரபாகு. நல்ல வெளிச்சம், துல்லியமான சத்தம், நாற்பத்து மூன்று நிமிடம். "அன்பார்ந்த மக்களே" என்று தொடங்கினார்.

"தம்பி, இவர் முடிய வருமோ?" என்று கேட்டாள் ஜோசப்பின்.

குகதாசன் தேடினான். தலையைக் குனிந்துகொண்டே நெடுநேரம் தேடினான். "வேறை ஒண்டும் இல்லை அம்மா" என்றான் கடைசியில். அழிந்ததை மீட்கிற மென்பொருள் இருக்கிறது, விட்டுவிட்டுப் போங்கோ என்று பென்னை வாங்கி வைத்து, கலியாண வேலைகளையும் ஒதுக்கிவிட்டு இரண்டு நாள் பாடுபட்டான். ரூபி இருந்த இடத்துக்கு மேலேயே பணிப்பாளர் ஏறி உட்கார்ந்திருந்தார். பேச்சில்லாத கோப்பை எடுத்து, பேச்சு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத கோப்பாகத் திருப்பித் தந்திருந்தார்கள்.

"ஒரு கொப்பி அடிச்சு வைச்சிருக்கலாம் ஐயா. அண்டைக்கு எனக்குத் தோன்றேல்லை" என்று குகதாசன் அழுதான்.

"உன்னிலை பிழையில்லை தம்பி. பிழை என்ரை காதிலை" என்றார் யாகப்பு. வெளியில் வந்து, கடல் காற்று அடிக்கிற பக்கமாக நின்று, அறுபத்திரண்டு வயது மனிசன் குழந்தைபோல அழுதார். தாட்ட அன்றைக்கு அழ நேரம் இருக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

அவருக்குக் காது பிழைத்தது, சரி. கண்ணும் காதும் சம்பளமும் ஒழுங்காக இருந்த ஒன்பது பேருக்கு என்ன பிழைத்தது என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கணக்காய்வாளரும் கேட்கவில்லை.

ஆனால் கணக்காய்வாளர் வேறொன்று கேட்டார். பதிவேட்டில் 'பெண் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று இருக்கிறது. திருப்பிக் கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே? கையளித்த துண்டைத் திருப்பி வாங்கிக் கோப்பில் ஒட்டினால்தான் பதிவு மூடும். அதை வாங்கிவர மேனுகாவை அனுப்பினார்கள்.

மேனுகா கள்ளப்பாட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றாள். "நான் வேண்டாம் எண்டனான் அம்மா. சத்தியமாய்ச் சொன்னனான். என்ரை சொல்லுக் கூட்டக் குறிப்பிலை இல்லை" என்று விம்மினாள்.

"நீ அழாதை பிள்ளை. உள்ளுக்கு வந்து இரு. தேத்தண்ணி குடி." தேத்தண்ணி கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை ஜோசப்பின் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு மேனுகா தயங்கித் தயங்கித் துண்டைக் கேட்டாள்.

ஜோசப்பின் எழும்பிச் செபப்புத்தகத்தை எடுத்தாள். துண்டை வெளியே எடுத்து, விரித்து வாசித்தாள். "பெண் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. இது உங்கடை கந்தோர் எழுதினதுதானே?"

"ஓம் அம்மா. அது எழுத்துப் பிழை. பென் எண்டதுதான் அப்பிடி..."

"எழுதினது எழுதினதுதான் எண்டு உங்கடை பெரியவர் சொன்னவராம்." ஜோசப்பினின் குரல் உயரவில்லை. "பெண்ணைத் தாங்கோ பிள்ளை. துண்டைத் தாறன்."

மேனுகா ஜோசப்பினின் கையைப் பிடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். கந்தோரில் என்ன சொன்னாளோ தெரியாது. அந்தப் பதிவு இன்றைக்கும் மூடவில்லை. பணியகத்தின் ஆண்டறிக்கை பளபளப்பான தாளில் வந்திருக்கிறது, நானே பார்த்தேன். வாசிக்க முடியாத கோப்புகள்: பூச்சியம். திருப்பிக் கையளிக்கப்படாத பெண்கள்: ஒன்று.

மூன்று மாதத்துக்கு ஒருதரம் நினைவூட்டல் கடிதம் பதிவுத் தபாலில் வருகிறது. முதலாவது கடிதம் வந்த பின்னேரம் யாகப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மிஞ்சின கோழி வாசலில் கிளறிக்கொண்டிருந்தது. ஜோசப்பின் கண்ணாடி இல்லாமல் வாசிக்கமாட்டாள், அது உள்ளே கிடந்தது. "இஞ்சேருங்கோ, இதை ஒருக்கால் சத்தமாய் வாசியுங்கோ" என்று நீட்டினாள்.

யாகப்பு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"எமது பதிவேட்டின்படி, தங்களுடைய பெண் இன்றுவரை எமது பா... பாது..."

நிறுத்தினார். திரும்ப முதலில் இருந்து தொடங்கினார். அதே இடத்தில் நாக்கு மடங்கிக்கொண்டது. மூன்றாம் தரம் தொடங்கினார்.

"எமது பாது..."

ஜோசப்பின் அவருடைய கையில் இருந்த கடிதத்தை மெல்ல வாங்கி மடித்தாள்.

"இதிலைதான்" என்றாள். "இந்தச் சொல்லிலைதான் அவளும் தடக்குப்பட்டவள்."

பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக யாகப்பு மறுத்துக் கதைக்கவில்லை. "ஓம்" என்றார்.